புலம்பெயர்ந்த குசினி: யாழ்ப்பாண வீட்டுச் சமையலும் அந்நிய மண்ணில் அதன் சுவையும்

வெளிநாடுகளில் குடியேறியவர்களின் உணவைக் குறித்து எழுதப்படுபவை பெரும்பாலும் உணவகங்களையும் மளிகைக் கடைகளையும் மையமாகக் கொண்டவை. ஆனால் ஒரு சமூகத்தின் சுவை அன்றாடம் தீர்மானிக்கப்படும் இடம் வீட்டுச் சமையலறையே என்பதால், அதனைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு பாதி ஆய்வாகவே நின்றுவிடும். 1983 ஜூலை இன வன்முறைக்குப் பின்னர் பெருந்தொகையாக ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்ற இலங்கைத் தமிழரின், குறிப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சேர்ந்தவர்களின், வீட்டுச் சமையலை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவர்கள் தங்கள் ஊர்ச் சுவையை அப்படியே பாதுகாத்தார்கள் என்றோ, புதிய நாட்டின் உணவுக்குள் கரைந்துபோனார்கள் என்றோ சொல்வது வழக்கமாக இருந்தாலும் இரண்டுமே உண்மையை முழுமையாகக் காட்டுவதில்லை. கிடைக்கும் பொருள், கிடைக்கும் நேரம், உண்பவரின் நாக்கு ஆகிய மூன்றையும் எடைபோட்டுச் சமைப்பவர் நாள்தோறும் எடுத்த முடிவுகளால்தான் அந்தச் சுவை மீண்டும் உருவாக்கப்பட்டது. அந்த உழைப்பை அறிவாக மதித்து ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஊரில் இருந்த அடித்தளம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை; சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த மண்ணில், கிணற்று நீரை இறைத்தே தோட்டப் பயிர்கள் விளைவிக்கப்பட்டன. வறட்சியைத் தாங்கும் பனையும், குடாநாட்டைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலும் உணவின் இரு பெரும் ஊற்றுகளாக இருந்தன. பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்து வெயிலில் காயவைத்துப் பெறும் ஒடியல், அதனை அவித்துக் காயவைத்துப் பெறும் புழுக்கொடியல், பதநீரைக் காய்ச்சிப் பெறும் பனங்கட்டி ஆகியவை பஞ்ச காலத்துக்கும் கைகொடுத்த சேமிப்புகள். நாளாந்த உணவில் நண்பகலில் சோறும், இரவில் புட்டு அல்லது இடியப்பமும் இடம்பெற்றன. அவற்றுடன் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்த தூள் போட்ட கறி, தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாயும் வெங்காயமும் இட்டு இளஞ்சூட்டில் காய்ச்சி எலுமிச்சம் புளி விட்டு இறக்கும் சொதி, தேங்காய்ப் பூவை மிளகாயுடன் இடித்த சம்பல், இலை வகைகளையோ மீனையோ தேங்காய்ப் பூவுடன் நீர் வற்றக் கிளறிய வறை ஆகியன சேர்ந்தே ஒரு நேரச் சாப்பாடு நிறைவு பெற்றது.

இந்தச் சமையல் தொன்மையிலிருந்து மாறாமல் வந்த ஒன்றன்று என்பதை முதலிலேயே மனத்தில் இருத்துவது நல்லது. ஒடியல் மாவால் காய்ச்சும் கூழில் சேரும் மிளகாயும் மரவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரின் கடல் வணிகத்தோடு வந்தவை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோக, இறக்குமதிக் கோதுமை மா வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்தது. அதனைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து அரித்தால் சுடுநீர் விட்டுப் பிசையும்போது பசைபோல இழுபடாது என்பதைக் கண்டறிந்து, அரிசி மாவுக்குப் பதிலாக அவித்த மாவில் புட்டும் இடியப்பமும் செய்யப் பழகியவர்கள் வீட்டுப் பெண்களே. பின்னர் 1970களில் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைத் தடுத்தபோது குடாநாட்டுத் தோட்டக்காரர்கள் செழித்ததும், போர்க்காலத்தில் 1990 முதல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது மக்கள் மீண்டும் பனையை நாடியதும் இதே வரலாற்றின் பகுதிகள். எனவே புலம்பெயர்ந்தபோது இவர்கள் கொண்டுசென்றவை சமையல் முறைகள் மட்டுமல்ல. ஒரு பொருள் இல்லாதபோது வேறொன்றைக் கொண்டு அதே பயனைப் பெறும் நீண்ட பழக்கமும் அவர்களோடு சென்றது.

முதலில் சமைத்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் குசினி, அதாவது சமையலறை, தாயின் ஆட்சிக்கு உட்பட்டது. ஐரோப்பாவில் அதன் முதல் சமையல்காரர்களோ பெரும்பாலும் அதுவரை அடுப்படிக்கே செல்லாத இளைஞர்களாக இருந்தனர். 1980களின் புகலிடம் கோரியோரில் தனித்து வந்த இளம் ஆண்களே மிகுதியாக இருந்ததால், ஓர் அறையில் பலர் தங்கி, வேலை நேரத்துக்கேற்ப முறைவைத்துச் சமைக்கும் வாழ்க்கை பல நகரங்களில் உருவானது. சுவிட்சர்லாந்தில் இவர்களுக்குக் கிடைத்த வேலைகளில் உணவகக் குசினி வேலை முக்கியமானது. பாத்திரம் கழுவுவதில் தொடங்கிச் சமையல் உதவியாளராக உயர்ந்தவர்கள், கத்தி பிடிக்கும் முறையையும் பெருந்தொகையாகச் சமைக்கும் ஒழுங்கையும் அங்கே கற்று, தூள் கறியின் பக்குவத்தை ஊரிலிருந்து வந்த கடிதத்தாலும் செலவு மிகுந்த தொலைபேசி அழைப்பாலும் கற்றனர். நோர்வேயின் வடகோடியான பின்மார்க் பகுதியில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களும் இருந்தனர். 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் உருவான சீநோர் கடற்றொழில் முயற்சியின் வழியாக நோர்வேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு ஏற்பட்டிருந்தது.

இதன் விளைவு சமையல் வரலாற்றில் கவனிக்கத்தக்கது. தாயிடமிருந்து மகளுக்கு, பார்த்தும் தொட்டும் கைமாறி வந்த ஓர் அறிவு, முதன்முறையாகச் சொற்களாக மாற்றப்பட்டு மகனுக்கு அனுப்பப்பட வேண்டியதாயிற்று. கைப்பிடி, சிட்டிகை, மணம் வரும்வரை, எண்ணெய் மிதக்கும்வரை என்ற அளவுகள் எல்லாம் அருகில் நிற்பவருக்கே பொருள் தருபவை. கடல் கடந்து நிற்பவருக்குக் கரண்டியும் நிமிடமும் தேவைப்பட்டன. பின்னர் மனைவியரும், அனுசரணை முறையில் பெற்றோரும் வந்து சேர்ந்தபோது பல வீடுகளில் குசினி மீண்டும் பெண்களின் பொறுப்பானாலும், ஆண்கள் சமைக்கும் வழக்கம் முற்றாக மறையவில்லை. கொண்டாட்டங்களுக்கு இறைச்சிப் பிரட்டலும் கூழும் காய்ச்சும் வேலை இன்றும் பல இடங்களில் அந்த முதல் தலைமுறை ஆண்களிடமே இருக்கிறது.

பொருள் தேடிய பயணம்

வீட்டுச் சமையலுக்கு முதலில் வேண்டியிருந்தது தூள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை ஒவ்வொன்றின் பதத்துக்கும் ஏற்பத் தனித்தனியாக வறுத்து ஒன்றாக அரைப்பதே யாழ்ப்பாணத் தூளின் இலக்கணம். கறியின் நிறமும் மணமும் இந்த வறுப்பிலேயே பிறக்கின்றன. சன்னல்களை மூடி வாழும் குளிர்நாட்டு அடுக்குமாடியில் மிளகாய் வறுத்தால் அதன் நெடி கட்டடம் முழுவதும் பரவும். புகை அறிவிப்பான்கள் ஒலிக்கும். ஆகவே தூள் ஊரிலிருந்து பொதியாக வந்தது, அல்லது கோடைகாலத்தில் வெளியிடத்தில் ஆண்டுக்குத் தேவையான அளவு வறுத்து வைக்கப்பட்டது. பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய லாச்சப்பல் பகுதியிலும், லண்டனின் ஈஸ்ட்ஹாம், ரூட்டிங், வெம்பிளி பகுதிகளிலும், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் தமிழ்க் கடைகள் பெருகிய பின்னர் ஆயத்தத் தூள் எளிதில் கிடைத்தது. அதனால் உழைப்பு குறைந்தது. அதே வேளையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஊருக்கும் இருந்த தனித்த வறுப்புப் பதம் பொதுவான ஒரு சுவையாகச் சமனானது.

தேங்காய் மற்றொரு சிக்கல். கடைகள் வராத காலத்தில், இலங்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஐரோப்பியரின் கேக்குக்கும் இனிப்புக்குமாக ஏற்றுமதி செய்துவந்த உலர்ந்த தேங்காய்த் துருவல்தான் கைக்கு எட்டியது. அதனை இளஞ்சூடான பாலிலோ நீரிலோ ஊறவைத்துச் சம்பலுக்கும் புட்டுக்கும் பயன்படுத்தினர். பின்னர் தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பாலும் உறைந்த தேங்காய்ப் பூவும் வந்தன. ஊரில் முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதித்துத் திரிந்துவிடாமல் துழாவியபடி இறக்குவது சமைப்பவரின் திறமைக்குச் சான்றாகக் கருதப்பட்டது. தகரப்பால் பலவற்றில் கொழுப்பும் நீரும் பிரியாதிருக்கச் சேர்க்கப்படும் பொருள்கள் இருப்பதால் அது எளிதில் திரிவதில்லை. ஆனால் அதன் தடிப்பு சொதியின் மெல்லிய தன்மைக்குப் பொருந்தாததால், அதில் எவ்வளவு நீர் கலந்தால் இரண்டாம் பாலின் பக்குவம் வரும் என்பதை ஒவ்வொருவரும் சோதித்தே அறிய வேண்டியிருந்தது.

கறிவேப்பிலையின் கதை உணவு எவ்வாறு அரசின் சட்டங்களோடு பிணைந்திருக்கிறது என்பதை நன்கு விளக்குகிறது. கறிவேப்பிலை எலுமிச்சை, தோடை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரச் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி அதன்மீதும் வாழ்ந்து, எலுமிச்சைக் குடும்ப மரங்களை அழிக்கும் பசுமையாக்க நோயைப் பரப்புகிறது. இந்நோய் 2005இல் புளோரிடாவில் கண்டறியப்பட்டுத் தோடைத் தோட்டங்களுக்குப் பேரிழப்பை ஏற்படுத்தியது. இதனால் அமெரிக்காவில் வெளிநாட்டுக் கறிவேப்பிலையின் இறக்குமதி தடுக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவிலும் கட்டுப்பாடுகள் கடுமையானவை. இதே போன்று 2014 மே மாதத்தில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டதைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து வந்த மாம்பழம், பாகற்காய், கத்தரிக்காய், புடலங்காய், சேம்பு இலை ஆகியவற்றுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. மாம்பழத் தடை 2015இல் நீக்கப்பட்டது. இத்தகைய நிச்சயமின்மைக்கு வீட்டுச் சமையல்காரர் கண்ட விடைகள் எளியவை: சன்னலோரத் தொட்டியில் கறிவேப்பிலை நாற்றை வளர்த்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுத்துவைப்பது, கிடைத்தபோது வாங்கி உருவி உறையவைப்பது, வல்லாரைக்கும் முருங்கை இலைக்கும் ஈடாகக் கீரை, லீக்ஸ், கேல் முதலியவற்றில் வறை செய்வது.

மீனைப் பொறுத்தவரை இழப்பு ஆழமானது. விளைமீன், ஒட்டி, ஓரா, சூடை என்று ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சமையல் முறை வைத்திருந்தவர்களுக்கு உறைந்து வந்த மீன் ஒரே தரமாகத் தோன்றியது. ஆனால் வட ஐரோப்பாவின் கொட் மீன், அவித்தால் இதழ் இதழாகப் பிரிவதால், சுறா வறை செய்யும் முறைக்கு ஓரளவு இசைந்தது. தகரமீனும் கட்லட்டுக்கும் குழம்புக்கும் கைகொடுத்தது. கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் உள்ளூர் மீனைக் கற்று அதற்குத் தூளையும் பழப்புளியையும் பழக்கினார்கள்.

நேரத்தின் கட்டளை

பொருள் கிடைத்த பின்னரும் சமையலை மாற்றியது நேரம். உணவு ஆய்வாளர் கிருஷ்ணேந்து ராய் 2004இல் வெளியிட்ட நூலில், அமெரிக்காவில் வாழும் வங்காளிக் குடும்பங்களில் காலை உணவு விரைவில் அமெரிக்க வழக்கத்துக்கு மாறிவிடுவதையும் இரவு உணவு வங்காள உணவாகவே நிலைப்பதையும் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணக் குடும்பங்களிலும் இந்தப் போக்கு தெளிவாகத் தெரிகிறது என்றாலும் அதில் ஒரு வேறுபாடு உண்டு. நண்பகலில் கணவனும் மனைவியும் வேலையிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருப்பதால் சோறு இரவுக்கு இடம்பெயர்ந்தது. இரவுக்குரிய புட்டும் இடியப்பமும் வார இறுதிக்கு ஒதுங்கின, அல்லது கடையிலிருந்து வாங்கும் பொருளாயின. ஸ்காபரோவில் இடியப்பம் எண்ணிக்கை சொல்லி வாங்கும் உணவாகியிருப்பது இந்த மாற்றத்தின் அடையாளம்.

இதைவிட ஆழமான மாற்றத்தைச் செய்தது உறைபெட்டி. ஞாயிற்றுக்கிழமை சமைத்து வாரம் முழுவதற்கும் பகிர்ந்து வைக்கும் வழக்கத்தில், எந்த உணவு உறைந்து உருகிய பின்னும் சுவை கெடாதோ அதுவே நிலைபெறுகிறது. தூளும் புளியும் மிகுந்த இறைச்சிக் கறியும் மீன் குழம்பும் மறுநாள் இன்னும் சுவை கூடுகின்றன. சொதி தன் மென்மையை இழக்கிறது, வறை நீர்விடுகிறது, சம்பலின் புத்துணர்வு மறைகிறது. ஆகவே எவரும் திட்டமிடாமலே குழம்பு வகைகள் முன்னுக்கு வந்தன. இலைக்கறிகளும் இளஞ்சுவை உணவுகளும் பின்னுக்குச் சென்றன. யாழ்ப்பாணச் சமையல் என்றாலே கடும் உறைப்பு, அதாவது காரம், என்ற எண்ணம் இளந்தலைமுறையிடம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம். உண்மையில் ஊர்ச் சாப்பாட்டின் அழகு, உறைப்பான கறிக்கு அருகில் அமைதியான சொதியும் பால்கறியும் இருந்து ஒன்றை மற்றொன்று நிறைவுசெய்த சமநிலையில் இருந்தது.

மேலும் கீழும் மாறிய மதிப்பு

புலம்பெயர் குசினியில் நிகழ்ந்த மிக முக்கியமான மாற்றம் உணவுகளின் மதிப்பு வரிசை தலைகீழானது. ஊரில் கோழிக்கறி விருந்தாளிக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ உரியதாக இருந்தது; மேற்கு நாடுகளில் பண்ணைக் கோழி மலிவான இறைச்சியாகி நாளாந்த உணவானது. மாறாக, குரக்கன் புட்டும் பழஞ்சோறும் ஒடியல் கூழும் ஊரில் எளியோரின் உணவாகக் கருதப்பட்டன. குரக்கன் மாவும் ஒடியல் மாவும் தொலைவிலிருந்து வரவேண்டியவை என்பதால் புலம்பெயர் நாடுகளில் அவை அரியவையாகி, உறவினரைக் கூட்டி உண்ணும் கொண்டாட்டமாக உயர்ந்தன.

கூழ் இதற்குச் சிறந்த சான்று. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து மேல்நீரை வடித்தே அதன் கசப்பைப் போக்க வேண்டும். மீன்தலை, நண்டு, றால், கணவாய் ஆகியவற்றுடன் பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை, சிறிது அரிசி ஆகியவற்றை அவித்து, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த ஒடியல் மாவும் விட்டுத் தடிப்பாக்கி இறக்குவது அதன் முறை. அன்று வலையில் பட்டதும் வளவில் விளைந்ததும் எதுவோ அதுவே கூழுக்குள் சேர்ந்தது. இன்று ரொறன்ரோவிலோ பாரிஸிலோ அதன் ஒவ்வொரு பொருளும் தேடி விலை கொடுத்து வாங்கப்படுகிறது. வறுமையும் போர்க்காலத் தட்டுப்பாடும் பழக்கிய உணவு செலவுமிக்க விருந்தாகியிருப்பதைப் பழமை மீதான ஏக்கம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. பலரும் ஒரு பானையைச் சுற்றி அமர்ந்து உண்டாலன்றிக் கூழுக்குப் பொருளில்லை. தனித்தனி வேலை நேரங்களாலும் தூரத்தாலும் பிரிந்து வாழும் உறவுகளை ஒன்றாக அமர்த்தும் ஆற்றல் அதற்கு இருப்பதால்தான் அது மேலெழுந்தது.

நாக்கின் தலைமுறை இடைவெளி

இந்தச் சுவையைப் பெற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைகளின் நாக்கு பள்ளி உணவாலும் நண்பர் வீடுகளாலும் உருவாகிறது. உறைக்கிறது என்று பிள்ளை மறுக்கும்போது, தாய்மார் ஒரே கறியை இரு சட்டிகளில் இறக்குகிறார்கள். பிள்ளைகளுக்கான சட்டியில் தூள் குறைகிறது, பால் கூடுகிறது. பாணுடன் உண்ட சம்பல் பிரான்சில் பாகெத்தோடு சேர்கிறது; பாஸ்தாவில் கறித்தூளும் கறிவேப்பிலையும் இடம்பெறுகின்றன. இவற்றைக் கலப்படம் என்று பழிக்கும் பெரியவர்கள் உண்டு. ஆனால் அவித்த கோதுமை மாவில் புட்டு அவித்த தலைமுறைக்கும் பாஸ்தாவுக்குத் தாளிதம் செய்யும் தலைமுறைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. இரண்டுமே கைக்கு வந்த புதிய பொருளை அறிந்த சுவைக்குள் கொண்டுவரும் செயல்கள். கவலைப்பட வேண்டியது கலப்பைப் பற்றியன்று. தூளின் வறுப்புப் பதத்தையும் சொதியின் இளஞ்சூட்டையும் கையால் அறிந்தவர்கள் முதுமை அடைந்துவரும்போது அந்த அறிவு கைமாறாமல் நின்றுவிடுவதைப் பற்றியே.

எழுத்தாக வேண்டிய அறிவு

வீட்டுச் சமையல் நூலாகும் சூழலைப் பிரிவு பலமுறை உருவாக்கியிருக்கிறது. 1936இல் கெய்ரோவில் பிறந்த கிளாடியா ரோடன், 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பின் எகிப்திய யூதர்கள் சிதறிப்போனபோது அவர்களிடம் சேகரித்த குறிப்புகளே 1968இல் மத்திய கிழக்கு உணவைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூலுக்கு வித்தாயின. டெல்லியில் சமைக்கவே அறியாதிருந்த மதுர் ஜாஃப்ரி, நாடகக் கலை பயில லண்டன் சென்ற பின்னர் தாய் எழுதிய கடிதங்களைக் கொண்டு சமையல் கற்று, 1973இல் தமது முதல் நூலை வெளியிட்டார். மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரையில், இந்தியச் சமையல் நூல்களின் பெருக்கத்துக்கு ஊர்விட்டு ஊர் சென்று வாழும் நகர நடுத்தரக் குடும்பங்களின் தேவை காரணமாக இருந்ததை விளக்கினார். யாழ்ப்பாணத் தமிழரிடையே நேசா எலியேசரின் ஆங்கிலச் சமையல் நூல், ஒடியல் கூழையும் குரக்கன் புட்டையும் தன் தலைப்பிலேயே ஏந்தி வந்தது. எளியோர் உணவின் மதிப்பு உயர்ந்ததற்கு அதுவும் ஒரு சான்று.

எனினும் செய்முறைக் குறிப்பு மட்டும் போதாது. எந்த நகரில், எந்தப் பொருள் இல்லாமல், எதை எதற்கு ஈடாக இட்டு, எந்த வேலை நேரத்துக்கு நடுவில் ஓர் உணவு சமைக்கப்பட்டது என்பதும் சேர்ந்து எழுதப்பட்டால்தான் அது வரலாறாகும். அரசியல் ஆவணங்களையும் இலக்கியத்தையும் திரட்டுவதில் புலம்பெயர் தமிழர் காட்டிய அக்கறை குசினிக்கும் நீள வேண்டும். 1980களில் அறையில் முறைவைத்துச் சமைத்த ஆண்களும், ஊரிலிருந்து நேரே குளிர்நாட்டு அடுப்பின்முன் வந்து நின்ற பெண்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து சமைத்து, கைப்பிடியை நிறுத்துப் பார்த்து, வறுப்பின் நிறத்தைக் குறித்து, அவர்கள் சொல்லும் காரணங்களை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்வது ஒவ்வொரு குடும்பத்தின் பிள்ளைகளும் செய்யக்கூடிய ஆய்வு. அதற்குப் பல்கலைக்கழகமோ பெரும் நிதியோ தேவையில்லை. அவர்கள் இருக்கும்போதே தொடங்குவதுதான் தேவை.